இட்லிப்பூச் செடியில் என்ன கோளாறு? அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

வீட்டு முகப்பில் ஆண்டின் பெரும்பகுதி ஏதேனும் ஒரு நிறம் தெரிய வேண்டும் என்று விரும்புவோர்க்கு வெட்சியைப் போல் ஏற்ற புதர்ச்செடி தமிழகச் சமவெளியில் குறைவு. இட்லிப்பூ என்று நாம் அழைக்கும் இந்தச் செடிக்குத் தென்னிந்தியாவும் இலங்கையும் தாயகம் ஆதலால் நம் வெயிலும் மழையும் அதற்குப் புதியன அல்ல. வெயில் ஏறத் தொடங்கும் மாசியிலிருந்து அடைமழை தொடங்கும் வரை அலை அலையாகப் பூங்கொத்துகள் வரும்; ஒரு கொத்து வாடாமல் பல வாரங்கள் நிற்கும்; பூ உதிர்ந்த இடத்தில் கருஞ்சிவப்புக் கனிகள் பழுத்துக் கொண்டைக்குருவிகளை அழைக்கும்; பூவும் கனியும் இல்லாத இடைவெளியில் செம்பு நிறத் துளிர்கள் அந்தக் குறையை நிரப்பும். ஆநிரை கவரச் சென்ற மறவர் தலையில் சூடியதும் இதே பூதான். வறண்ட முல்லையும் குறிஞ்சியும் அறிந்த செடிக்கு நம் வீட்டுத் தோட்டத்தில் மட்டும் ஏன் இத்தனை நோய் என்று கேட்பவர்கள் பலர்.

அதற்கான விடை பெரும்பாலும் மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிறது; பூச்சியிலோ பூஞ்சையிலோ இருப்பது அதைவிடக் குறைவு. ஆனால் இலை மஞ்சளானவுடன் மருந்துக் கடைக்குச் சென்று ஏதோ ஒரு புட்டியை வாங்கி வருவதே வழக்கமாகிவிட்டது. அதற்கு முன் மூன்று செய்திகளைச் செடியின் அருகில் நின்று உறுதிப்படுத்திக்கொண்டால், கீழே உள்ள அறிகுறிகளில் எது தமக்குப் பொருந்தும் என்பது தானே தெளிவாகும். முதலாவது, கோளாறு கிளை நுனியில் உள்ள இளம் இலையில் தொடங்கியதா, அடியில் உள்ள முதிர்ந்த இலையில் தொடங்கியதா என்பது. இரண்டாவது, விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் செலுத்தினால் ஈரம் தெரிகிறதா என்பது. மூன்றாவது, இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பது. இவற்றுள் முதல் செய்திதான் மிக முக்கியமானது. இரும்பு, மாங்கனீசு போன்ற சத்துகளைச் செடியால் பழைய இலையிலிருந்து எடுத்துப் புதிய இலைக்கு அனுப்ப இயலாது. எனவே அவற்றின் குறை துளிரில் தெரியும். சாம்பல் சத்து (பொட்டாசியம்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), தழைச்சத்து (நைட்ரஜன்), மெக்னீசியம் ஆகியவற்றைச் செடி இடம் மாற்றிக்கொள்ளும். ஆகவே அவை குறைந்தால் துளிரைக் காப்பாற்றிவிட்டு முதிர்ந்த இலை வாடும்.

ஒரு விலக்கையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். புதிதாக வந்த துளிர் செம்பு நிறத்திலோ மங்கிய சிவப்பிலோ மினுமினுப்பாக இருப்பது நோயன்று. பல வகைகளில் அதுவே இயல்பு. சில வாரங்களில் அது பச்சையாகிவிடும்.

இளம் இலை மஞ்சளாகிறது. நரம்புகள் மட்டும் பச்சையாக இருக்கின்றன

வெட்சி வளர்ப்போர் மிக அதிகமாகக் காணும் கோளாறு இதுதான். நுனி இலைகள் எலுமிச்சை மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சை வலைப்பின்னலாகத் தெரியும். முற்றினால் நரம்பும் வெளுத்து, இலை ஏறத்தாழ வெண்மையாகி, விளிம்பிலிருந்து கருகத் தொடங்கும். அதே கிளையின் அடி இலைகள் அப்போதும் நல்ல பச்சையாகவே இருப்பதைக் காணலாம். இது இரும்புச்சத்துக் குறை. சில இடங்களில் மாங்கனீசுக் குறையும் சேர்ந்திருக்கும்.

மண்ணில் இரும்பு இல்லை என்பது இதற்குப் பொருளாகாது. செம்மண்ணின் நிறமே இரும்பால் வருவது. வெட்சி காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதைப் போலவே சற்றுப் புளிப்பான மண்ணை நாடுவது. மண்ணின் புளிப்பையும் காரத்தையும் காட்டும் பி.எச். அளவு 5 முதல் 6.5 வரை இருந்தால் இரும்பு கரைந்த நிலையில் வேருக்குக் கிடைக்கும். 7-ஐத் தாண்டி 8-ஐ நெருங்கும்போது அதே இரும்பு கரையாத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் வேலியோரம் யாரும் கவனிக்காமலே செழிக்கும் இந்தச் செடி, கோவை, திருப்பூர் பக்கத்துச் சுண்ணாம்பு கலந்த மண்ணிலும் கோவில்பட்டிக் கரிசலிலும் வெளிறிப்போவதற்கு இதுவே காரணம்.

மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று அறிய ஆய்வகம் வரை செல்லத் தேவையில்லை. ஒரு கரண்டி காய்ந்த மண்ணை எடுத்து அதில் சில சொட்டு வினிகரை விட்டுப் பார்க்க வேண்டும். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு உண்டு என்று முடிவு செய்யலாம். பொங்காவிட்டாலும் பி.எச். உயர்ந்திருக்க வாய்ப்புண்டு என்பதால், அந்த நிலையில் மண் பரிசோதனை நிலையத்தில் ஒரு மாதிரியைக் கொடுத்துப் பார்ப்பது பயன் தரும்.

அடுத்து, சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். செடி சுற்றுச்சுவரை ஒட்டி இருந்தால், கட்டட வேலையின்போது விழுந்த சிமெண்ட் பூச்சும் செங்கல் துண்டுகளும் அடிமண்ணில் புதைந்திருக்கும்; வெள்ளையடித்த சுவரிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் சுண்ணாம்பு வழியும். வரிசையாக நட்ட செடிகளில் சுவரோரச் செடிகள் மட்டும் மஞ்சளாக இருந்தால் வேறு ஆராய்ச்சியே வேண்டாம். செடி சுவரிலிருந்து எட்டி இருந்தும் மஞ்சளானால் தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் உள்ள பைகார்பனேட் உப்புகள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து நல்ல மண்ணையும் காரமாக்கிவிடும். மழைக்காலத்தில் துளிர் பச்சையாக வந்து, கோடையில் குழாய் நீரை நம்பும்போது மீண்டும் மஞ்சளானால், குற்றம் தண்ணீரின் மேல்தான். குடிநீர் வடிகட்டும் ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் நீரைச் சிக்கனம் கருதிப் பூச்செடிக்கு ஊற்றும் பழக்கம் இப்போது பல வீடுகளில் இருக்கிறது. குழாய் நீரில் இருந்த உப்புகள் அதில் இன்னும் செறிந்து இருக்கும் என்பதால் வெட்சிக்கு அது ஆகாது. மாறாக, ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீர் ஏறக்குறைய உப்பற்றது; வாளியில் பிடித்து வைத்துத் தாராளமாக ஊற்றலாம். மழைநீருக்கு இணை எதுவும் இல்லை.

மூன்றாவது காரணம் நம் கையால் இடுவது. முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல், எலும்புத்தூள் ஆகிய மூன்றும் பூச்செடிக்கு நல்லவை என்று பரவலாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. ரோஜாவுக்கு எப்படியோ, வெட்சிக்கு இவை வேண்டா. முதல் இரண்டும் மண்ணின் காரத்தன்மையைக் கூட்டுகின்றன. எலும்புத்தூளில் உள்ள மிகுதியான மணிச்சத்து இரும்பைப் பிணைத்து வைத்துவிடுகிறது.

சிகிச்சையை இரண்டு படிகளாகச் செய்ய வேண்டும். உடனடி நிவாரணத்துக்கு, உரக்கடையிலும் நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் வீதமும் சிட்ரிக் அமிலத்தை 1 கிராம் வீதமும் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலைகளின் இரு பக்கமும் நனையும்படி தெளிக்கலாம். பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் மேலும் ஓரிரு முறை தெளிக்க வேண்டியிருக்கும். தரை ஓட்டிலும் சுவரிலும் பட்டால் துருக்கறை போகாது என்பதை நினைவில் கொள்ளவும். நன்கு வெளுத்துவிட்ட இலை முழுப் பச்சைக்குத் திரும்பாமல் போகலாம். அடுத்து வரும் துளிர் எந்த நிறத்தில் வருகிறது என்பதை வைத்தே பலனை மதிப்பிட வேண்டும். காரமான மண்ணில் அன்னபேதியை வேரில் கொட்டுவதால் பயன் இல்லை. அதுவும் விரைவில் கரையாத வடிவத்துக்கு மாறிவிடும். வேர் வழியாகக் கொடுப்பதானால் இரும்புக் கீலேட்டு, அதாவது இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்து வைக்கும் சேர்மம், வேண்டும். அதிலும் வகை முக்கியம். மலிவாகக் கிடைக்கும் இ.டி.டி.ஏ. (EDTA) வகை காரமான மண்ணில் நிலைக்காது, இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகை பி.எச். 8-ஐத் தாண்டினாலும் இரும்பை விட்டுவிடாமல் வேர் வரை கொண்டு சேர்க்கும். விலை கூடுதல்தான், ஆனால் பொட்டலத்தில் குறித்த சிறிய அளவே போதும் என்பதால் ஒரு பொட்டலம் நெடுநாள் வரும்.

நிலையான தீர்வு மண்ணின் காரத்தைக் குறைப்பது. வினிகர் சோதனையில் பொங்காத மண்ணானால், வேளாண் கந்தகத்தைச் சிறிதளவு மேல்மண்ணில் கிளறிவிட்டு, மட்கிய இலை எருவால் மூடாக்கு இட்டுவந்தால் மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதை மெல்ல அமிலமாக்கும். சில மாதங்கள் பொறுக்க வேண்டும். மண் பொங்கினால் இந்த முயற்சியே வீண். கணக்கிட்டுப் பார்த்தால் இது புரியும்: ஒரு கன மீட்டர் மண் ஏறத்தாழ 1300 கிலோ எடையுள்ளது, அதில் 1 விழுக்காடு மட்டுமே சுண்ணாம்புக்கல் இருந்தாலும் அது 13 கிலோ, அதைக் கரைக்க 4 கிலோவுக்கும் மேல் கந்தகம் வேண்டும். நம் சுண்ணாம்பு மண் பலவற்றில் அளவு இதைவிடப் பல மடங்கு அதிகம். அத்தகைய இடத்தில் மண்ணோடு போராடுவதைவிடச் செடியைத் தொட்டிக்கு மாற்றுவதே அறிவுடைமை. அதற்கான முறை இறுதிப் பகுதியில் உள்ளது.

முதிர்ந்த இலையில் செம்பழுப்புப் புள்ளிகள்

இதைக் கண்டவுடன் பூஞ்சை என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் துளிரும் நடு இலையும் மாசற்று இருக்க, ஒவ்வொரு கிளையின் மிக முதிர்ந்த இலைகளில் மட்டும் தெளிவான விளிம்புடன் செந்நிறப் புள்ளிகள் இருந்தால், அது சாம்பல் சத்துக் குறையின் அடையாளம். புள்ளியாக இல்லாமல் முதிர்ந்த இலை முழுவதும் ஒரே சீராகச் செம்பழுப்பாக மாறினால் மணிச்சத்துக் குறையைக் கருத வேண்டும். மணற்பாங்கான கடலோர மண்ணிலும், தொட்டிகளிலும், அடைமழை பல நாள் நீடித்த பிறகும் சத்துகள் கரைந்தோடிவிடுவதால் இவை மிகுதியாகத் தெரியும். செடிக்குச் சாம்பல் சத்து தேவை என்பதற்காக அடுப்புச் சாம்பலை அள்ளிப் போட்டுவிடக் கூடாது. மேலே சொன்ன காரத்தன்மை மீண்டும் வந்து சேரும். சல்பேட் ஆஃப் பொட்டாஷ் என்ற உரத்தை மிகச் சிறிய அளவில், நன்கு நீர் பாய்ச்சிய மண்ணில் இடுவது பாதுகாப்பானது.

பூஞ்சைப் புள்ளியின் நடத்தை வேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில், காற்றோட்டம் இல்லாத உட்கிளைகளில், இலையின் வயது பாராமல் அது பரவும்; புள்ளியின் நடுப்பகுதி சாம்பல் நிறமாகக் காய்ந்து, சுற்றிலும் மஞ்சள் வளையம் இருக்கும். நோயுற்ற இலைகளைப் பறித்தும் உதிர்ந்தவற்றைக் கூட்டியும் அகற்றி, உட்புறத்தில் நெருங்கிய சில கிளைகளை நீக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும். மழை விடாது தொடர்ந்து இலைகள் கொட்டும் அளவுக்கு முற்றினால் மட்டும் காப்பர் ஆக்சிகுளோரைடை லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து தெளிக்கலாம்.

செடி தழைத்து நிற்கிறது. பூ மட்டும் இல்லை, அல்லது ஆண்டில் ஒரே ஒருமுறைதான் பூக்கிறது

பல பருவங்களிலும் பூ வேண்டும் என்று இந்தச் செடியை நட்டவர்க்கு உண்மையான ஏமாற்றம் இதுதான். இதற்கு முழுமுதற் காரணம் கத்தரிக்கோல். வெட்சியின் பூங்கொத்து கிளையின் நுனியில் மட்டுமே உருவாகும். வேலியாக நட்ட செடியைச் சதுரமாக வைத்திருப்பதற்காக மாதம் ஒருமுறை மேற்பரப்பைச் சீவிவிடும்போது, அடுத்து மொட்டாக வேண்டிய நுனிகள் அத்தனையும் தரையில் விழுகின்றன. அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் அலுவலக வளாகங்களிலும் பெட்டி போல வெட்டி நிறுத்தப்பட்ட பச்சைச் சுவர்களில் இரண்டு மூன்று பூ மட்டும் எட்டிப் பார்ப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. பூவுக்காக வளர்க்கும் செடியைச் சுவராக்க நினைப்பது எனக்கு விளங்காத ஒரு விருப்பம்.

சரியான முறை இது: ஒரு கொத்து முழுவதும் வாடிய பிறகு, அதன் காம்பைத் தொடர்ந்து கீழே வந்து, முதல் நல்ல இலைச்சோடிக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். அந்தச் சோடியின் இரு கக்கங்களிலிருந்தும் இரண்டு கிளைகள் எழுந்து, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கொத்து வரும். வெட்டியதிலிருந்து பூக்கும் வரை, வெயிலையும் நீரையும் பொறுத்து, ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மாதம் ஆகலாம். இந்த இடைவெளியை அறிந்துகொண்டால் பூவின் காலத்தை நாமே ஓரளவு வகுக்கலாம். செடி முழுவதையும் ஒரே நாளில் வெட்டினால் முழுச் செடியும் ஒன்றாகப் பூத்து, ஒன்றாக ஓய்ந்துவிடும். ஒரு பக்கத்துக் கிளைகளை மாசியிலும், மற்றொரு பக்கத்தை வைகாசியிலும், எஞ்சியவற்றை ஆடியின் முதல் மழைக்குப் பிறகும் வெட்டினால் சித்திரையிலிருந்து ஐப்பசி வரை ஏதேனும் ஒரு பக்கம் சிவந்திருக்கும். வரிசையாகப் பல செடிகள் உள்ளவர்கள் கிளைக்குப் பதிலாகச் செடிகளையே இவ்வாறு பிரித்துக்கொள்ளலாம். வேலையும் எளிது, பார்வைக்கும் நன்று. கார்த்திகை, மார்கழியில் வளர்ச்சி மந்தமாக இருக்கும் என்பதால் அப்போது வெட்டுவதில் பயன் குறைவு. அந்தக் காலத்துக்கு ஐப்பசியில் வாடிய கொத்துகளை வெட்டாமல் விட்டுவைத்தால் கனிகள் கிடைக்கும். எல்லாக் கொத்துகளையும் வாடியவுடன் அகற்றிவிட்டுக் கனியையும் எதிர்பார்க்க முடியாது அல்லவா.

வெட்டும் முறை சரியாக இருந்தும் பூக்கவில்லையானால் வெயிலைப் பார்க்க வேண்டும். நாளொன்றுக்கு நான்கு மணி நேரமாவது நேரடி வெயில் படாத செடி இலைகளையே பெருக்கும். ஆறு மணி நேரம் கிடைத்தால் நல்லது. நடும்போது வெயில் இருந்த இடத்தை, சில ஆண்டுகளில் பக்கத்து மாமரமோ புதிதாக எழுந்த மாடியோ மறைத்திருக்கலாம். இலைகள் கரும்பச்சையாகப் பெரிதாகவும், கணுக்களுக்கு இடையே நீளம் கூடியும் இருந்தால் நிழலே காரணம். வெயிலும் போதுமான அளவு இருந்து, இலை மட்டும் மெத்தென்று செழித்தால் யூரியாவோ பச்சைச் சாணமோ மிகுந்திருக்கும். ஒரு பருவம் முழுவதும் தழைச்சத்தை நிறுத்தி வைத்தால் போதும்.

வகையையும் கவனிக்க வேண்டும். நர்சரிகளில் சிங்கப்பூர் இட்லிப்பூ என்ற பெயரில் விற்கப்படும் குட்டை வகைகள் சிறு கொத்துகளாக அடிக்கடி பூப்பவை. பெரிய இலையும் மணமுள்ள வெள்ளைப் பூவும் கொண்ட உயரமான வகை அந்த அளவுக்கு இடைவிடாமல் பூப்பதில்லை. அதைச் சிவப்பு வகையோடு ஒப்பிட்டுக் குறைப்படுவது பொருந்தாது.

மொட்டு வந்து, விரியாமல் உதிர்கிறது

பெரும்பாலும் நீர் முறையில் ஏற்படும் தடுமாற்றமே காரணம். பங்குனி, சித்திரையில் இரண்டு நாள் காயவிட்டுப் பிறகு வெள்ளமாக ஊற்றினால் மொட்டுகள் உதிரும். காலையில் ஆழமாக நீர் விட்டு, அடியில் மூன்று அங்குலக் கனத்துக்குக் காய்ந்த இலை அல்லது தேங்காய் மட்டைத் துண்டுகளால் மூடாக்கு இட வேண்டும். மூடாக்கு தண்டைத் தொடக் கூடாது. மொட்டோடு வாங்கி வந்த தொட்டிச் செடி இடம் மாறியதால் ஒருமுறை மொட்டைக் கொட்டினால் கவலைப்படத் தேவையில்லை. மொட்டுக் கொத்து நூலாம்படையால் பிணைந்து, உள்ளே கறுப்பு எச்சத்துகள் தெரிந்தால் புழு இருக்கிறது. அந்தக் கொத்தை மட்டும் கிள்ளி அழித்தால் போதும்.

இலைமேல் கரிபடிந்தாற்போல் கறுப்பு. தண்டெங்கும் எறும்பு வரிசை

கறுப்பும் எறும்பும் இரண்டும் விளைவுகள். காரணம் இலையின் அடியிலும் இளந்தண்டிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் மாவுப்பூச்சி, செதில் பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ ஆகியவற்றுள் ஒன்று. அவை சாற்றை உறிஞ்சி இனிப்பான கழிவைச் சொட்டுகின்றன. அதில் கரும்பூஞ்சை வளர்கிறது. அதைத் தேடி எறும்புகள் வருகின்றன. எறும்புகள் இந்தப் பூச்சிகளைத் தின்ன வரும் பொறிவண்டையும் விரட்டிவிடுவதால், எறும்பைத் தடுக்காமல் பூச்சியை ஒழிப்பது நீடிக்காது. செடியின் கிளைகள் சுவரையோ பக்கத்துச் செடியையோ தொடாதபடி நறுக்கிவிட்டு, அடித்தண்டில் ஒட்டும் பசை தடவிய துணிப்பட்டையைச் சுற்றிவிட்டால் எறும்புகள் ஏற வழியிருக்காது. இலைகளைப் பிணைத்து முசுறு கூடு கட்டியிருந்தால் கூட்டோடு அந்தக் கிளையை வெட்டி, தண்ணீர் நிறைந்த வாளியில் அமிழ்த்த வேண்டும்.

பூச்சி சிறிதளவே இருக்கும்போது, மாசி, பங்குனியில் வறட்சி தொடங்கும்போதே, குழாயிலிருந்து வேகமாக நீரைப் பீய்ச்சி இலையின் அடிப்பக்கத்தைக் கழுவுவது எந்த மருந்துக்கும் குறைந்ததன்று. அதற்கும் அடங்காவிட்டால் லிட்டர் நீருக்கு 3 முதல் 5 மில்லி வேப்பெண்ணெயைச் சில சொட்டுச் சோப்புக் கரைசலுடன் நன்கு குலுக்கி, மாலையில் தெளிக்கலாம். வாரம் ஒருமுறையாக மூன்று வாரம் தொடர வேண்டும். மாவுப்பூச்சி மொய்த்த நுனிகளை வெட்டி நெகிழிப் பையில் கட்டி அகற்றிய பிறகு தெளித்தால்தான் மருந்து எஞ்சியவற்றைச் சென்றடையும். வெட்சியின் குழல் மெல்லியது. அதன் அடியில் உள்ள தேனுக்காக நீண்ட உறிஞ்சுகுழல் உடைய வண்ணத்துப்பூச்சிகளும் தேன்சிட்டுகளும் நாள் முழுதும் வரும். எனவே பூத்திருக்கும் செடியில், செடிக்குள் ஊடுருவும் வகைப் பூச்சிக்கொல்லிகளைத் தெளிப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். கரும்படலத்தை நீக்க ஒரு பழைய முறை உண்டு: மைதாவை நீர்க்கக் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவிட்டு வடிகட்டி, வெயில் உள்ள காலையில் தெளித்தால், காய்ந்து செதிலாக உரியும்போது கறுப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டு விழும். பூச்சியை ஒழித்த பிறகே இதைச் செய்ய வேண்டும்.

மண் ஈரமாக இருந்தும் செடி வாடுகிறது

வாடலைக் கண்டவுடன் தண்ணீர் ஊற்றுவது இங்கே செடியைக் கொல்லும். கார்த்திகை மழைக்குப் பின் இலைகள் இளசு, முதிர்வு என்ற வேறுபாடின்றி மஞ்சளாகித் தொங்கினால், ஓர் ஓரமாக மண்ணை விலக்கி வேரைப் பார்க்க வேண்டும். வெண்மையாகவோ வெளிர் பழுப்பாகவோ, உறுதியாக இருந்தால் நலம். கறுத்து, தொட்டால் மேல்தோல் உருவிக்கொண்டு வந்து, துர்நாற்றமும் அடித்தால் வேரழுகல். நீர் தேங்குவதை நிறுத்தி, வடிகால் வெட்டி, வாடிய மேற்பகுதியைக் குறைத்துவிட்டுக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. மெல்லிய வேர்களில் சிறு சிறு முடிச்சுகள் தெரிந்தால் வேர்முடிச்சு நூற்புழு. அந்த இடத்தில் வேப்பம் புண்ணாக்கு இட்டு, சுற்றிலும் துலுக்கச் செவ்வந்தி (செண்டுமல்லி) நட்டுவந்தால் அதன் பெருக்கம் குறையும், முற்றிலும் ஒழியாது.

நட்டுச் சில மாதங்களே ஆன செடியானால் வேறு ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். நர்சரியில் கறுப்புப் பையில் அடைத்துவரும் களிமண் உருண்டை, காய்ந்தால் செங்கல்லாக இறுகிவிடும்; சுற்றியுள்ள தோட்ட மண் ஈரமாக இருந்தாலும் நீர் அந்த உருண்டைக்குள் புகாது, வேரும் வெளியே வராது. ஒரு குச்சியைத் தண்டின் அருகே குத்திப் பார்த்தால், வெளியே சேறாகவும் உள்ளே புழுதியாகவும் இருப்பது தெரியும். செடியைக் கவனமாக எடுத்து, உருண்டையை ஒரு வாளி நீரில் குமிழி அடங்கும் வரை அமிழ்த்தி, பக்கவாட்டுக் களிமண்ணை விரலால் உதிர்த்துவிட்டு மீண்டும் நட வேண்டும். பையை முழுவதும் அகற்றாமல் அடியை மட்டும் கிழித்து நட்டிருந்தால் அதுவும் இப்போதே வெளிப்படும்.

இலை விளிம்பு கருகுகிறது

நுனியிலிருந்து விளிம்பு வழியாகப் பழுப்பாகக் காய்ந்து, தொட்டியின் ஓரத்திலோ மண்மேலோ வெள்ளைப் படிவும் தெரிந்தால் உப்பு மிகுந்துவிட்டது. சென்னையின் கடலோரப் பகுதிகளில் கிணற்று நீரே இதற்குப் போதுமான காரணம். மற்ற இடங்களில் அளவுக்கு மீறிய உரம் காரணமாகலாம். தொட்டியின் கொள்ளளவைப் போல் இரண்டு மூன்று பங்கு நல்ல நீரை மெல்ல ஊற்றி அடியில் வழியவிட்டு, இரண்டு மாதம் உரமிடாமல் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் தொட்டியைக் கூரையின் கீழ் வைக்காமல் திறந்தவெளியில் வைத்தால் மழையே இந்த வேலையைச் செய்துவிடும்.

அடிப்பகுதி மொட்டையாகி, உச்சியில் மட்டும் இலை

பல ஆண்டுகள் நுனியையே வெட்டிவந்த முதிய செடியில் இது இயல்பு. நலமான செடியானால் தரையிலிருந்து ஒன்றரை அடிக்குக் குறைத்து வெட்டலாம். பழைய கட்டையிலிருந்தே துளிர்க்கும். ஆனால் அக்கினி வெயிலில் வெட்டினால் அதுவரை நிழலில் இருந்த தண்டு வெந்துவிடும். ஆடி மழையை ஒட்டி, மூன்றில் ஒரு பங்குத் தண்டுகளை மட்டும் வெட்டி, அடுத்த இரண்டு ஆண்டுகளில் எஞ்சியவற்றை வெட்டுவது பாதுகாப்பானது. பூவும் முற்றிலும் நின்றுபோகாது. ஏற்கெனவே இரும்புச்சத்துக் குறையால் வெளிறியுள்ள செடியை இவ்வாறு வெட்டக் கூடாது. முதலில் அதைப் பச்சையாக்க வேண்டும்.

மண் ஒத்துவராத இடத்தில் தொட்டிக்கு மாற்றுதல்

வினிகருக்குப் பொங்கும் மண்ணில் தரையில்தான் புதர் வேண்டும் என்றால் நந்தியாவட்டை, அரளி, காகிதப்பூ ஆகியவற்றை நடலாம். வெட்சியை அவ்வளவு விரும்புவோர் தொட்டியில் வளர்க்கலாம். குட்டை வகைக்கு 12 அங்குலமும், உயர வகைக்கு 18 அங்குலமும் விட்டமுள்ள தொட்டி தேவை. மண் தொட்டியோ நெகிழித் தொட்டியோ நல்லது. புதிய சிமெண்ட் தொட்டியிலிருந்து சுண்ணாம்பு கசியும் என்பதால், அதையே பயன்படுத்த வேண்டியிருந்தால் பல நாள் நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றிக் கொட்டிய பிறகே மண் நிரப்ப வேண்டும். சுண்ணாம்பு இல்லாத செம்மண், நன்கு மட்கிய இலை எரு, தென்னை நார்க்கழிவு மூன்றையும் சம பங்காகக் கலக்கலாம். நார்க்கழிவில் இயல்பாகவே உப்பு இருக்கும் ஆதலால் இரண்டு மூன்று முறை நீரில் அலசிப் பிழிந்து சேர்ப்பது அவசியம். கலவையில் கட்டட மணலைச் சேர்க்கும் வழக்கம் உள்ளவர்கள் அந்த மணலிலும் வினிகர் சோதனையைச் செய்துவிடுவது நல்லது. கிளிஞ்சல் தூள் கலந்த மணல் நாம் எதிலிருந்து தப்பினோமோ அதையே மீண்டும் தொட்டிக்குள் கொண்டுவரும்.

இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஆடி அல்லது ஆவணியில், செடியை வெளியே எடுத்துச் சுற்றுவேரில் ஓர் அங்குலம் சீவிவிட்டு, புதிய கலவையில் வைக்க வேண்டும். வைத்த பிறகு பத்து நாள் நிழலில் இருக்கட்டும். புதிய துளிர் தலைகாட்டிய பின் முதலில் காலை வெயிலுக்கும் அடுத்து முழு வெயிலுக்கும் மாற்றலாம்.